மேடைக்கு மார்கழி, தப்பட்டைக்குச் சித்திரை

தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது மரம், பறவை, தொழிலோடு பறையையும் சேர்க்கிறது. குறிஞ்சிக்கு ஒரு பறை, நெய்தலுக்கு வேறொரு பறை. நிலத்தோடும் பருவத்தோடும் கலைக்கு உள்ள உறவு நமக்குப் புதிதல்ல. அந்தப் பருவம் கெடும்போது சுமை யார் தலையில் விழுகிறது என்பதே கேள்வி.

1927 சென்னை காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து பிறந்தது மியூசிக் அகாடமி. 1928இல் அது தொடங்கப்பட்டது. பிறகு சபாக்களின் இசை விழா டிசம்பரில் நிலைத்தது. மார்கழிக் குளிர், கூரை போட்ட அரங்கம், பின்னாளில் ஏசி.

கொங்கு நாட்டுத் தப்பட்டைக் கலைஞருக்கு நாள் குறிப்பது ஊர். பெரியநாயக்கன்பாளையம் வட்டாரம் உட்பட இங்கே மாரியம்மன் நோம்பிகள் பலவும் மாசிக்கும் வைகாசிக்கும் இடையில்தான் வருகின்றன. பூச்சாட்டு முதல் மாவிளக்கு வரை முன்னால் போவது தப்பட்டை. அடிப்பவர்களில் பெரும்பாலோர் அருந்ததியர். தார்ச்சாலை வெயிலில், தோல் காய்ச்ச மூட்டிய நெருப்பின் பக்கத்தில் நிற்கிறார்கள். நிழல் இருப்பது கோயில் மண்டபத்தில். அங்கே அவர்கள் கால் வைக்க முடியாத ஊர்கள் இன்னும் உண்டு.

மழையிலோ தோல் ஈரமாகித் தளர்ந்துவிடும், ஓசை எழும்பாது. பைபர் தோலுக்குப் பலர் மாறிவிட்டார்கள். பருவத்துக்கு ஏற்ப மாறும் வேலையைக் கலைஞர்கள் சொந்தக் காசில் தொடங்கிவிட்டார்கள். அமைப்புகள்தான் இன்னும் தொடங்கவில்லை.

1990களின் தலித் கலை விழாக்கள், சாவுவீட்டுக் கட்டாய ஊழியமாக இருந்த பறையை விடுதலைக் குரலாக்கின. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையைக் கையில் எடுத்தார்கள். 2025இல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மரியாதை வந்தது, நிழல் வரவில்லை.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். உயிர் போன பிறகு வரும் பணம் பாதுகாப்பு ஆகாது.

எனவே கலை பண்பாட்டுத் துறை, நல வாரியம், கோயில் விழாக்குழு என எல்லோரிடமும் கேட்போம்: காலை 11 முதல் மாலை 4 வரை தெருவில் ஆட்டம் கூடாது. பந்தல், தண்ணீர், ஓய்வு மூன்றும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். வெயிலாலோ மழையாலோ நிகழ்ச்சி நின்றாலும் முழுக் கூலி தர வேண்டும்.

தோழர்களே, அம்பேத்கர் பிறந்த ஏப்ரல் 14ம் சித்திரை வெயிலில்தான் வருகிறது. பறை இல்லாமல் நம் ஊர்வலம் இல்லை. ஊரிடம் கேட்கும் நிழலை முதலில் அங்கே கொடுத்துக் காட்டுவோம்.