கால்டுவெல் என்ற குளிர் ஊற்றும் நம் இனிஷியலும்

வரலாறு பற்றி ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். மன்னர்களையும் போர்களையும் மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, ஒரே ஒரு பெயரின் வரலாற்றைச் சொல்லலாம் என்றிருக்கிறேன். நெல்லைச் சீமையில் பிறந்த எவருக்கும் அந்நியமில்லாத பெயர்தான்: கால்டுவெல்.

இராபர்ட் கால்டுவெல் 1814-இல் அயர்லாந்தில், ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1838-இல் சென்னை வந்தார். 1841-இல் இடையன்குடிக்குப் போய்ச் சேர்ந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-இலும், திருநெல்வேலி ஜில்லாவின் சரித்திரம் 1881-இலும் வெளிவந்தன. 1891-இல் கொடைக்கானலில் காலமானார், இடையன்குடியிலே அடக்கம். நம் சொற்களுக்கெல்லாம் வேர் தேடிய மனிதர். அவருடைய பெயருக்கு வேர் என்ன என்று நாம் எப்போதாவது கேட்டோமா?

'கால்டு' என்பது பழைய ஆங்கிலத்தில் குளிர்ந்தது. இன்றைய 'கோல்டு'தான் அது. 'வெல்' என்றால் உடனே கிணறு என்போம். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் தானாகப் பொங்கிவரும் ஊற்றையும் ஓடையையும் குறித்தது. ஆக, கால்டுவெல் என்றால் குளிர் ஊற்று. குற்றாலத்து அருவியில் தலையைக் கொடுத்து வளர்ந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா என்ன!

இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் இந்தப் பெயரில் பல ஊர்கள் உண்டு. அந்த ஊர்களிலிருந்து கிளம்பியவர்களைப் போன இடத்தில் 'கால்டுவெல்காரர்' என்று அழைக்க, அதுவே குடும்பப் பெயராக நிலைத்தது. இன்னொரு வேடிக்கை. 'கால்டு' என்பது வடக்கு, மத்தியப் பகுதிகளின் உச்சரிப்பு. தெற்கே அதே சொல் 'ச' ஒலியோடு வழங்கியதால், அங்கே அதே ஊற்று 'சாட்வெல்' ஆகிவிட்டது. 'அங்கிட்டு, இங்கிட்டு' என்று ஒருவன் பேசுவதை வைத்தே எந்தப் பக்கத்து ஆள் என்று நாம் கண்டுபிடிப்பதில்லையா? அதுபோலத்தான்.

ஆங்கிலேயரும் ஆதியிலிருந்தே குடும்பப் பெயர் வைத்துக்கொண்டவர்கள் அல்லர். 1066-இல் நார்மானியர் படையெடுத்து வரும்வரை பெரும்பாலோருக்கு ஒற்றைப் பெயர்தான். பிறகு ஒரே ஊரில் பத்து ஜான், பத்து வில்லியம் என்று பெருகவே, அடையாளம் சொல்ல ஓர் ஒட்டு தேவைப்பட்டது. கொல்லன் ஸ்மித் ஆனான்; தையல்காரன் டெய்லர் ஆனான்; ஜானின் மகன் ஜான்சன்; நிறத்தைப் பார்த்து பிரவுன்; இருந்த இடத்தைப் பார்த்து ஹில், வுட், கால்டுவெல். முதலில் இந்த ஒட்டு அந்த ஆளோடு போய்விடும். சொத்துப் பத்திரமும் வரிக் கணக்கும் பெருகப் பெருக, மகனுக்கும் பேரனுக்கும் அதுவே தொடர்ந்தது. 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் தலைவரி வாங்கியபோது எழுதிய பட்டியல்களில் இந்தப் பெயர்களை வரிசை வரிசையாகக் காணலாம். காலப்போக்கில் தையலே தெரியாத டெய்லரும், ஊற்றையே பார்த்திராத கால்டுவெல்லும் வந்தார்கள்.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். என் ஊர் பண்பொழி. பைம்பொழில், அதாவது பசுஞ்சோலை என்பதே பண்பொழி ஆயிற்று என்பார்கள். பேச்சில் 'பம்புளி'. திருமலைக் குமாரசுவாமி மலைமேல் நின்று பார்க்கிற ஊரில் பாதிப் பேருக்கு முருகன் பெயர்தான். நம் வகுப்பிலும் அப்படியே. வருகைப் பதிவேட்டில் எத்தனை சுப்பிரமணியன், எத்தனை குமார்! விடுதியில் "ஏலே பம்புளி, இங்க வாலே" என்றால் நான் திரும்புவேன். "இலஞ்சி" என்றால் வேறொருவன். பதினான்காம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நடந்ததும் இதுதானே! நான் அங்கே பிறந்திருந்தால் 'கிரீன்வுட்' ஆகியிருப்பேன். இலஞ்சி என்றால் நீர்நிலை. அந்த நண்பன் 'பூல்' ஆகியிருப்பான்.

ஆனால் நம் ஒட்டு உறையவில்லை. ஊருக்கு ஓர் எழுத்து, அப்பாவுக்கு ஓர் எழுத்து என்று இனிஷியலாகச் சுருங்கியது. அப்பாவின் எழுத்து தலைமுறைக்குத் தலைமுறை மாறும். சாதிப் பட்டம் குடும்பப் பெயராக நிலைத்துவிடாமல் தடுத்த பெருமையில் ஒரு பங்கு இந்த இனிஷியலுக்கும் உண்டு. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பட்டங்களை விடச் சொன்னது. விட்ட இடத்தில் நமக்குக் குறை ஒன்றும் தெரியாததற்குக் காரணம், கையில் இனிஷியல் இருந்ததுதான்.

குடும்பப் பெயர் நம் மண்ணுக்கு வந்தபோது அதுவும் தன் குணத்தை மாற்றிக்கொண்டது. தேனிப் பக்கம் பிள்ளைகளுக்குப் பென்னிகுயிக் என்று பெயர் வைக்கிறார்கள். முல்லைப் பெரியாறு அணையை 1895-இல் கட்டி முடித்தவரின் குடும்பப் பெயர் அது. எடின்பரோவுக்குப் பக்கத்தில் ஓர் ஊரின் பெயர். பொருள் குயில் மலை. கால்டுவெல் என்றும் நம் மாவட்டத்தில் பையன்களுக்குப் பெயருண்டு. அங்கே ஊர்ப் பெயர் குடும்பப் பெயராயிற்று. இங்கே குடும்பப் பெயர், அன்போடு கூப்பிடும் பெயராயிற்று.

சரி, இதை ஏன் இத்தனை விரிவாகச் சொல்கிறேன்? பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் 'சர்நேம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. என் மகன் வெளிநாடு போனபோது அதில் என் பெயரை எழுதினான். அங்கே பிறந்த பேத்திக்கும் அதுவே குடும்பப் பெயராகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஆறு வயதுப் பெண்ணை என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்! சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் தாத்தா காலம் முதல் முன்னால் நின்ற 'ப' அந்தக் கட்டத்தில் ஏறவே இல்லை. பண்பொழி முன்பு திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. பிறகு திருநெல்வேலி மாவட்டம். 2019 முதல் தென்காசி மாவட்டம். இத்தனை மாறியும் அந்த 'ப' எங்களை விட்டுப் போகவில்லை. ஒரு விண்ணப்பத்தில் போய்விட்டது. கால்டுவெல்லின் முன்னோர் அந்த ஊற்றை விட்டு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே கிளம்பிவிட்டார்கள். பெயர் மட்டும் ஊற்றைச் சுமந்துகொண்டு இடையன்குடி வரை வந்தது.

சர்நேம் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. சாதி ஏறாத நம் முறையே நல்ல முறை. கேட்பது ஒன்றுதான்: இந்த மலரின் முகவரிப் பட்டியலில் உங்கள் முதல் இனிஷியலை விரித்து, ஊர்ப் பெயரை முழுதாக எழுதிக் கொடுங்கள். அது எதனால் வந்த பெயர், மரமா, குளமா, சோலையா என்பதைப் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். எழுத்து விண்ணப்பத்தில் ஏறாவிட்டாலும், ஊர் அவர்கள் வாயிலாவது இருக்கட்டும்.