பிரேக் இன்ஸ்பெக்டரும் புளியமரத்துப் புரோக்கரும்

தமிழில் 'ஆர்.டி.ஓ.' என்று எழுதினால் அது இரண்டு பேரைக் குறிக்கும். கல்யாணமாகிச் சில வருஷங்களுக்குள் ஒரு பெண் இறந்துபோனால் 'ஆர்.டி.ஓ. விசாரணை' என்று பேப்பரில் வருமே, அவர் வருவாய்க் கோட்டாட்சியர். நமக்கு லைசென்ஸ் கொடுப்பவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலர். ஆங்கிலத்தில் நடு எழுத்து வேறு வேறு. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'டி'தான். வழி கேட்டுக் கேட்டு, தப்பான ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் போய் நின்றவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அலைச்சல் பெயரிலேயே ஆரம்பித்துவிடுகிறது!

நம் தலைமுறைக்கு ஆர்.டி.ஓ.வைவிடப் பெரிய ஆள் 'பிரேக் இன்ஸ்பெக்டர்'. அரசாங்கக் காகிதத்தில் அவர் மோட்டார் வாகன ஆய்வாளர். ஆனால் அப்படிச் சொல்லி யார் கேட்டோம்? வண்டியை ஓட்டச் சொல்லி பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பவர், ஆகவே பிரேக் இன்ஸ்பெக்டர். லாரிக்காரர்களும் பஸ் முதலாளிகளும் அவரைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். வண்டியை எஃப்.சி.க்கு விடுகிற வாரத்தில் ஒர்க்‌ஷாப்பில் ராத்திரி முழுக்க பெயின்ட் வாசனை அடிக்கும்.

இவ்வளவு அதிகாரம் அந்த அலுவலகத்துக்கு எப்படி வந்தது என்று பார்த்தால் அதன் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது.

சென்னையில் மோட்டார் கார் தலைகாட்டிய புதிதில் விஷயம் எளிமையாகத்தான் இருந்தது. உயர் நீதிமன்றக் கட்டடத்தைக் கட்டிய ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியாரின் காருக்கு எண் எம்.சி. 3. ஊரிலேயே மூன்றாவது எண்! வண்டியைப் பார்த்தாலே சொந்தக்காரர் யார் என்று தெரிந்த காலம். சென்னை மாகாணத்துக்கென்று 1907-இல் ஒரு மோட்டார் சட்டம் வந்தது. 1914-இல் நாடு முழுவதற்கும் ஒரே சட்டமாக இந்திய மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. அதுவும் சின்னச் சட்டம்தான். பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும், லைசென்ஸ் வேண்டும், வண்டியைப் பதிவு செய்து எண் எழுதவேண்டும், கண்மூடித்தனமாக ஓட்டக்கூடாது. ஏறக்குறைய இவ்வளவுதான் அதன் சாரம்.

நிலைமை மாறியது பஸ்களால். முதல் உலகப் போருக்குப் பிறகு மோட்டார் பஸ் ஊருக்கு ஊர் ஓட ஆரம்பித்தது. ரயில் ஸ்டேஷனுக்கு நடந்துபோய், ரயில் வருகிறவரை காத்திருந்து, இறங்கி மறுபடி வீட்டுக்கு நடப்பதைவிட, தெருமுனையில் கையைக் காட்டி ஏறிக்கொள்வது யாருக்குத்தான் பிடிக்காது? ரயில்வேயின் வருமானம் குறைந்தது. ரயில்வேயில் அரசாங்கத்தின் பணம் கோடிக்கணக்கில் முடங்கிக் கிடந்ததால் டெல்லிக்குக் கவலை வந்தது. சாலைக்கும் ரயிலுக்கும் உள்ள போட்டியை ஆராய 1932-இல் மிட்செல், கிர்க்னஸ் என்ற இரு அதிகாரிகளை நியமித்தார்கள். 1937-இல் வெட்ஜ்வுட் குழுவும் ரயில்வேக்காக வாதாடியது. இந்தப் பின்னணியில் வந்ததுதான் 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். பஸ்ஸும் லாரியும் பெர்மிட் இல்லாமல் ஓடக்கூடாது என்றும், அதைக் கொடுக்க மாகாண அளவில் ஒன்றும் வட்டார அளவில் ஒன்றுமாகப் போக்குவரத்து ஆணையங்கள் வேண்டும் என்றும் அது சொன்னது. நாம் சொல்லும் 'வட்டாரப் போக்குவரத்து' என்ற பெயரே அங்கிருந்துதான் வந்தது.

வண்டியில் போகிறவன் பத்திரமாகப் போகவேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதன் முதுகெலும்பு, யாரை ஓடவிடலாம் யாரை ஓடவிடக் கூடாது என்ற கட்டுப்பாடு. ஒரு ரூட் பெர்மிட் ஒரு குடும்பத்தைத் தலைமுறைக்குத் தூக்கிவிடும். கிடைக்காதவர் கோர்ட்டுக்குப் போவார். பெர்மிட் வழக்குகளையே நம்பிப் பிழைத்த வக்கீல்கள் இருந்தார்கள். ராஜாஜி 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி 'பெர்மிட் – லைசென்ஸ் – கோட்டா ராஜ்யம்' என்று சாடினாரே, அவர் மனதில் இருந்தது தொழிற்சாலைகள். ஆனால் நம் ஊர்ச் சனங்களுக்கு 'பெர்மிட்' என்றால் கண்முன் வந்தது பஸ்தான்.

பஸ் முதலாளிகளைக் கட்டி மேய்க்க உருவான அந்த அலுவலகத்துக்குத்தான், ஒரு பழைய ஸ்கூட்டரை வாங்கிவிட்டுப் பெயர் மாற்றப் போகும் வாத்தியாரும் போகவேண்டி வந்தது. அங்கே இருந்த குமாஸ்தாவுக்கு இருவரும் ஒன்றுதான். இருவருமே ஏதோ ஒன்றை 'கேட்டு' வந்தவர்கள். முதலாளியிடம் ஆள் இருந்தது, பணம் இருந்தது. வாத்தியாரிடம் இருந்தது அரை நாள் லீவு மட்டும்.

அடுத்தது காகிதம். மத்தியச் சட்டம் என்பதால் படிவங்கள் ஆங்கிலத்தில் வந்தன. தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956-இல் வந்துவிட்டாலும் மோட்டார் படிவம் ஆங்கிலத்தை விடவில்லை. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு வட்டாரத்துக்கு வண்டியைக் கொண்டுபோக ஆட்சேபணை இல்லை என்று சான்று வாங்க 28. தவணையில் வாங்கிய வண்டியின் கடன் தீர்ந்தால் 35. இந்த எண்களெல்லாம் 1989-ஆம் ஆண்டு விதிகளில் உள்ளவை. அதற்கு முன்பும் வேறு எண்களில் இதே கூத்துதான். இதில் சிலவற்றை இரண்டு மூன்று பிரதிகள் எழுதவேண்டும். ரேஷன் கார்டு நகலில் பச்சை மையால் கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்கு ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர் வீட்டிலோ அரசு டாக்டர் வீட்டிலோ காலையில் போய்த் திண்ணையில் உட்கார வேண்டும். 'தம்பி, உங்களை எனக்குத் தெரியாதே, நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது?' என்று நியாயமாகக் கேட்டவர்களும் உண்டு.

எண்பதுகளில் ஒரு முறை லைசென்ஸைப் புதுப்பிக்க நான் மூன்று நாள் நடந்தேன். முதல் நாள், இனிஷியல் ஒரு இடத்தில் முன்னாலும் ஒரு இடத்தில் பின்னாலும் இருக்கிறதென்று திருப்பினார்கள். இரண்டாம் நாள், அந்த சீட்காரர் லீவு. மூன்றாம் நாள் வாங்கிக்கொண்டு, 'போட்டோவில் மூக்குக் கண்ணாடி இல்லையே' என்றார். கண்ணாடி போட ஆரம்பித்தே ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வாசலுக்கு வந்தால் ஒரு பெரியவர், 'சார், முதல் நாளே எங்கிட்ட வந்திருக்கலாமே' என்றார். அவர் சொன்ன தொகை, நான் அந்த மூன்று நாளில் இழந்த சம்பளத்தைவிடக் குறைவு!

இவர்தான் புரோக்கர். எல்லா ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலிலும் ஒரு புளியமரமோ வேப்பமரமோ இருக்கும். அதன் கீழே ஒரு பெஞ்சு, ஒரு தகரப் பெட்டி, ஸ்டாம்ப் பேட், கோந்து பாட்டில், குண்டூசி டப்பா. அவரை வெறும் லஞ்ச வாகனம் என்று திட்டிவிட்டுப் போய்விடலாம். பத்திரிகைகள் அப்படித்தான் எழுதின. என் கணக்கு கொஞ்சம் வேறு. அவர் செய்த வேலையில் பாதி, எழுதப் படிக்கத் தெரியாத லாரி டிரைவருக்கும் ஆங்கிலம் புரியாத விவசாயிக்கும் அரசாங்கம் செய்திருக்க வேண்டிய வேலை. எந்த மேசையில் எந்தக் கட்டு இருக்கிறது என்பது ஆபீசருக்கே தெரியாதபோது அவருக்குத் தெரியும். மீதிப் பாதிதான் ஆபத்து. எட்டுப் போடத் தெரியாதவனுக்கும் லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தது அந்தப் பாதி.

1996-இல் வந்த ஷங்கரின் 'இந்தியன்' படத்தைப் பலரும் இந்தியன் தாத்தாவுக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். அதில் கமலின் இன்னொரு வேஷம், ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்கும் புரோக்கர் சந்துரு. அவனே பிறகு பிரேக் இன்ஸ்பெக்டர் ஆகிறான். பணம் வாங்கிக்கொண்டு பிரேக் சரியில்லாத பஸ்ஸுக்குச் சான்று கொடுக்கிறான், பள்ளிக் குழந்தைகள் சாகிறார்கள். ஷங்கர் படங்களில் மிகை அதிகம்தான். ஆனால் வாசலில் நின்றவன் உள்ளே போய் உட்காரும் அந்தப் பாதையை அவர் சரியாகப் பார்த்திருந்தார்.

சினிமா வேண்டாம், கணக்கு வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று. டெல்லியில் லைசென்ஸ் எடுக்கப் போன 822 பேரைப் பின்தொடர்ந்து நான்கு பொருளாதார நிபுணர்கள் ஓர் ஆய்வு செய்து 2007-இல் வெளியிட்டார்கள். அந்த நால்வரில் ஒருவரான செந்தில் முல்லைநாதன் தமிழ்நாட்டில் பிறந்தவர். சிலருக்கு 'சீக்கிரம் லைசென்ஸ் வாங்கினால் பரிசு' என்றார்கள். சிலருக்கு இலவசமாக வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். மற்றவர்களை அப்படியே விட்டார்கள். இரண்டு கூட்டமும் மற்றவர்களைவிட அதிகமாக லைசென்ஸ் வாங்கியது. ஆனால் பரிசுக்காரர்கள் ஓட்டத் தெரியாமலே வாங்கியது அதிகம். இன்னொன்றையும் கவனித்தார்கள்: முறைகேடான பணம் எல்லாம் ஏஜென்ட் கை வழியாகவே போனது, நேராக அதிகாரி கைக்குப் போகவில்லை. டெல்லியிலும் ஒரு புளியமரம் இருந்திருக்கிறது.

1988-ஆம் ஆண்டுச் சட்டம் 1989 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்தது. அப்போதுதான் பழைய மாதிரி நம்பர் பிளேட்டுகள் போய் டி.என். 01, டி.என். 45, டி.என். 59 என்று வந்தன. லைசென்ஸுக்கும் ஆயுள் நீண்டது. ஒரு தடவை வாங்கினால் இருபது வருஷம்வரை கவலையில்லை. நம்மில் பலர் நிம்மதியாக அதை மறந்தே போனோம். அந்த நிம்மதிதான் பிற்பாடு பெரிய சங்கடமாயிற்று.

கம்ப்யூட்டர் வந்தது. லைசென்ஸுக்கு 'சாரதி', வண்டிப் பதிவுக்கு 'வாகன்' என்று மத்திய அரசின் மென்பொருள்கள். பச்சை மைக்கு 2013-இல் மத்திய அரசு விடைகொடுக்கச் சொன்னது. நகலில் நாமே கையெழுத்துப் போட்டால் போதும். 2021 மார்ச்சில் பதினெட்டுச் சேவைகளை ஆதார் வழியாக வீட்டிலிருந்தே பெறலாம் என்று அறிவித்தார்கள். 2024 முதல் தமிழ்நாட்டில் லைசென்ஸும் ஆர்.சி.யும் விரைவு அஞ்சலில் வீட்டுக்கே வருகின்றன. இதெல்லாம் நல்ல மாற்றம், சந்தேகமில்லை. என் பேத்தி எல்.எல்.ஆர். எடுத்தபோது அந்த வாசலையே மிதிக்கவில்லை.

ஆனால் கையால் எழுதிய புத்தக லைசென்ஸ் வைத்திருக்கும் நம் கதை வேறு. பல பழைய எண்கள் கம்ப்யூட்டரில் ஏறவே இல்லை. எண்ணைத் தட்டினால் 'பதிவு இல்லை' என்கிறது. முதலில் கொடுத்த அலுவலகத்தில் பழைய ரிஜிஸ்டரைப் புரட்டி ஏற்ற வேண்டும். அந்த அலுவலகம் எங்கே? மதுரையிலிருந்து திண்டுக்கல் 1985-இல் தனி மாவட்டமானது. தஞ்சாவூரிலிருந்து 1991-இல் நாகப்பட்டினம் பிரிந்தது. திருச்சி 1995-இல் மூன்றானது. மாவட்டம் பிரிந்தபோது ரிஜிஸ்டர் எந்தப் பக்கம் போனது என்பதைச் சொல்லக்கூடிய குமாஸ்தா நமக்கு முன்பே ரிட்டயர் ஆகிவிட்டார். ஆதாரில் 'ரா. கிருஷ்ணன்', லைசென்ஸில் 'கிருஷ்ணன் ஆர்.' என்று இருந்தால் அதற்கு ஒரு தனி அலைச்சல். குடும்பப் பெயர் இல்லாத நம் வழக்கத்தைக் கம்ப்யூட்டர் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

இதில் தேதி முக்கியம். 2019-இல் சட்டத்தைத் திருத்தியபிறகு, ஐம்பத்தைந்து தாண்டியவர்களுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், டாக்டர் சான்றோடு. காலாவதியாவதற்கு ஒரு வருஷம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். காலாவதியாகி ஒரு வருஷம் தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். முன்பு இந்தச் சலுகை ஐந்து வருஷம் இருந்தது. அந்த நினைப்பில் இருப்பவர்கள் இன்றே பீரோவைத் திறந்து தேதியைப் பாருங்கள். எழுபத்திரண்டு வயதில் எட்டுப் போடப் போன நண்பர் ஒருவர், சின்னப் பையன்கள் வரிசைக்கு நடுவே ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றார். நாற்பது வருஷமாக ஸ்கூட்டர் ஓட்டியவர். முதல் தடவை கால் ஊன்றிவிட்டார். அடுத்த முறை வரச் சொல்லிவிட்டார்கள். அவர் போகவில்லை. ஸ்கூட்டரை மருமகனுக்குக் கொடுத்துவிட்டு இப்போது காய்கறிக் கடைக்கும் ஷேர் ஆட்டோவில் போகிறார்.

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது மரத்தடியைப் பார்த்தேன். பெஞ்சு இல்லை, எதிரில் ஒரு கடை இருந்தது. பலகையில் 'ஆன்லைன் சேவை' என்று எழுதியிருந்தது. உள்ளே லேப்டாப், பிரின்டர், போட்டோ எடுக்க ஒரு வெள்ளைத் திரை. விண்ணப்பத்தை நாமே வீட்டில் செய்யலாம், கட்டணமும் அதிலேயே கட்டலாம் என்று சுவரில் அரசாங்க அறிவிப்பு ஒட்டியிருந்தது. அதன் கீழே எட்டுப் பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள்.