பரவளையமும் அறிவின் ஸனதும்

அரபு இலக்கணமும் ஃபிக்ஹும் ஓதியோருக்கு மூன்று சொற்கள் நன்கு பழக்கமானவை. இறுதி எழுத்தில் குறையுடைய வினைச்சொல்லை ‘நாகிஸ்’ என்கிறோம். மூல எழுத்துகளுக்கு மேல் மிகுந்து வருவதை ‘ஸாயித்’ என்கிறோம். நிகாஹ் பாடத்தில் மணமக்களின் ஒப்புமையாகிய ‘கஃபாஅத்’தைப் பயில்கிறோம். இவை ஒரு காலத்தில் வடிவியல் நூல்களிலும் வழங்கின என்பதை நம்மில் பலர் அறியார். கூம்பொன்றை வெட்டும்போது கிடைக்கும் வளைவுகளுள் நீள்வட்டத்தை ‘அல்கத்உன் நாகிஸ்’ என்றும், அதிபரவளையத்தை ‘அல்கத்உஸ் ஸாயித்’ என்றும் அரபு அறிஞர்கள் பெயரிட்டனர். பரவளையத்திற்கு அவர்கள் தந்த பெயர் ‘அல்கத்உல் முகாஃபி’, அதாவது சமமான வெட்டு. கஃபாஅத் பிறந்த அதே வேரில் பிறந்த சொல் இது.

எதற்கு எது சமம்? வளைவின் மேலுள்ள ஒரு புள்ளியிலிருந்து அச்சுக்குச் செங்குத்தாக ஒரு கோடு இறக்குவோம். அக்கோட்டின் மேல் அமையும் சதுரம், வளைவின் முனையிலிருந்து அச்சில் அது வெட்டும் துண்டையும் ஒரு மாறாத நீளத்தையும் பக்கங்களாகக் கொண்ட செவ்வகத்திற்குச் சரிசமமாக இருக்கும். மற்ற இரு வளைவுகளில் அச்சதுரம் செவ்வகத்தினும் குறையும் அல்லது மிகும். இப்பெயர்களை முதலில் வழங்கியவர் ஏறத்தாழ கி.மு. 200இல் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அப்பொல்லோனியஸ். அவருடைய கிரேக்கச் சொற்களைப் பொருளுணர்ந்து அரபாக்கியோரின் திறனை இப்பெயர்களிலேயே காண்கிறோம்.

அப்பொல்லோனியஸ் கூம்பு வெட்டுகள் குறித்து எட்டுப் பாகங்களில் நூல் எழுதினார். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பக்தாதின் பனூ மூஸா சகோதரர் மூவர் அதனைத் தேடிப் பெற்றனர். பிரதிகள் பிழை மலிந்து புரிதற்கரியனவாய் இருந்தன. மூவருள் ஒருவரான அஹ்மத், ஷாம் தேசத்தில் முதல் நான்கு பாகங்களின் தெளிவான பதிப்பொன்றைக் கண்டெடுத்த பின்னரே வழி திறந்தது. அந்நான்கையும் ஹிலால் அல்ஹிம்ஸியும், ஐந்து முதல் ஏழு வரையிலான பாகங்களை ஸாபித் இப்னு குர்ராவும் அரபில் பெயர்த்தனர். ஸாபித் ஹர்ரானைச் சேர்ந்த ஸாபிஈ சமயத்தவர் என்பது கருதத்தக்கது. திறமை எவரிடம் இருந்ததோ அவரிடம் பணியை ஒப்படைக்கும் பெருமனம் அன்றைய பக்தாதுக்கு இருந்தது.

இன்று கிரேக்க மூலத்தில் எஞ்சியிருப்பவை முதல் நான்கு பாகங்களே. அடுத்த மூன்றும் அரபில் மட்டுமே பிழைத்தன, எட்டாவது அழிந்துவிட்டது. 1710இல் ஆக்ஸ்ஃபோர்டில் இந்நூலைப் பதிப்பித்த வானியலறிஞர் எட்மண்ட் ஹாலி, அரபு பயின்று அம்மூன்று பாகங்களையும் பெயர்த்தார். எரிக்கும் ஆடிகள் பற்றி டயோக்ளிஸ் என்னும் மற்றொரு கிரேக்கர் எழுதிய நூலும் இவ்வாறே அரபு மொழிபெயர்ப்பின் வாயிலாக நமக்குக் கிட்டியது. 1976இல்தான் அது அச்சேறியது.

பெற்றதைக் காத்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. பரவளையத் துண்டின் பரப்பை ஆர்க்கிமிடீஸ் முன்னரே கண்டிருந்தார். எனினும் அந்நூல் அரபுலகை எட்டியிருக்கவில்லை. ஸாபித் தாமே முயன்று, அப்பரப்பு அதே அடியும் உயரமும் உடைய இணைகரத்தில் மூன்றில் இரண்டு பங்கு என நிறுவினார். அவரது நிறுவலுக்குப் பல துணைத் தேற்றங்கள் தேவைப்பட்டன. அல்மாஹானீ என்பவரின் நிறுவல் அதனினும் சுருக்கமாக இருந்தது. தம் பாட்டனாரின் ஆய்வை இன்னொருவருடையது விஞ்சி நிற்பதைப் பொறாத பேரர் இப்ராஹீம் இப்னு ஸினான், மூன்றே தேற்றங்களில் அதனை முடித்துக் காட்டினார். 909இல் பிறந்து 946இல் மறைந்த இவர் முப்பத்தேழு வயதே வாழ்ந்தார். குடும்பப் பெருமையை நிலைநாட்ட அவர் கையாண்ட ஒரே வழி, முன்னதைவிடச் சிறந்த நிறுவல் ஒன்றைத் தருவதாகும்.

பரவளையத்தின் பயனைக் குறித்த ஆய்வில் தலையாயவர் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் (965–1040). சூரிய ஒளியைக் குவித்து எரிக்கும் ஆடி எவ்வடிவில் அமைதல் வேண்டும் என்பது அவர் எடுத்துக்கொண்ட வினா. கோள வடிவ ஆடியில் ஒவ்வொரு வட்டமும் தன்மேல் விழும் கதிர்களை அச்சின் ஒரு புள்ளிக்கு அனுப்பும். வட்டம் மாறினால் புள்ளியும் மாறும். ஆதலின் வெப்பம் சிதறுகிறது. பரவளையத்தை அச்சில் சுழற்றிப் பெறும் ஆடியிலோ, அச்சுக்கு இணையாக வரும் கதிர்கள் அனைத்தும் குவியம் என்னும் ஒரே புள்ளியில் கூடுகின்றன. முன்னோர் இதனை அறிந்திருந்தும் நிறைவான நிறுவலை விளக்கவில்லை என்று சொல்லி, அதனைத் தாம் எழுதினார். அவருக்கு முன் பக்தாதில் இப்னு ஸஹ்லும் எரிக்கும் கருவிகள் பற்றிய நூலில் இவ்வாடியை ஆராய்ந்திருந்தார். இப்னுல் ஹைதமின் நூல் பின்னர் லத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பியர் கைக்குச் சென்றது.

இத்தகைய பேரறிஞர் நூல்களைப் படியெடுத்து விற்றே வாழ்க்கை நடத்தினார் என வரலாற்றாசிரியர் கூறுவர். ஹிஜ்ரி 415இல் அவர் தம் கைப்பட எழுதிய அப்பொல்லோனியஸின் பிரதி இஸ்தான்பூல் சுலைமானிய்யா நூலகத்தில் உள்ளது. அழிந்த எட்டாம் பாகத்தை ஊகித்து நிரப்பும் முயற்சியாகத் தனி நூலொன்றும் அவர் எழுதினார்.

பின்வந்த உமர் கய்யாம், பரவளையமும் வட்டமும் வெட்டிக்கொள்ளும் புள்ளியைக் கொண்டு முப்படிச் சமன்பாடுகளுக்குத் தீர்வு கண்டார். 1638இல் கலீலியோ, எறியப்பட்ட பொருள் காற்றின் தடையில்லையேல் பரவளையப் பாதையிலேயே செல்லும் என நிறுவினார்.

இன்று நம் மாடிகளில் நிற்கும் டிஷ் ஆண்டெனா, செயற்கைக்கோளின் மெல்லிய அலைகளை இப்னுல் ஹைதம் விளக்கிய முறையிலேயே குவியத்தில் சேர்க்கிறது. டார்ச் விளக்கில் நிகழ்வது இதன் மறுதலை: குவியத்தில் வைத்த சிறு பல்பின் ஒளி இணைக்கதிர்களாய் வெளியேறுகிறது. 1970இல் நிறுவப்பட்ட உதகை வானலைத் தொலைநோக்கியின் குறுக்குவெட்டும் பரவளையமே. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடைய அது, அவ்விடத்தின் அட்சரேகைக்கு ஏற்பச் சரிந்த மலைச்சரிவில் நிற்கிறது.

இப்னுல் ஹைதம் வாழ்ந்த கெய்ரோவுக்கு அருகே, மஆதி என்னுமிடத்தில் 1913இல் ஃபிராங்க் ஷூமன் என்ற அமெரிக்கர் ஐந்து நீண்ட பரவளையத் தொட்டிகளை அமைத்தார். அவற்றில் சூரிய வெப்பத்தால் நீராவி உண்டாக்கி நைல் நீரை இறைத்தார். அடுத்த ஆண்டு மூண்ட உலகப்போர் அம்முயற்சியை முடக்கியது. ஒரு நூற்றாண்டுக்குப் பின், 2016இல் மொராக்கோவின் வர்ஸாஸாத்தில் அதே வகை ஆடிகளால் 160 மெகாவாட் மின்நிலையம் திறக்கப்பட்டது. அதற்கு ‘நூர்’ எனப் பெயரிட்டனர்.

இவ்வரலாற்றை நாம் எவ்வாறு எடுத்துரைப்பது? மேடைகளில் சிலர் எல்லாவற்றையும் முஸ்லிம்களே கண்டுபிடித்தனர் என்று முழங்குகின்றனர். அப்பொல்லோனியஸின் பெயரை மறைக்கும் அம்முழக்கத்தை இப்னுல் ஹைதமே ஏற்கமாட்டார். முன்னோரின் பெயரைச் சொல்லிவிட்டே அவர் தம் கருத்தைத் தொடங்கினார். வேறு சிலர் இவற்றை உலகக் கல்வியென ஒதுக்குகின்றனர். உக்லைதிஸின் வடிவியலும் ஷரஹ் சக்மீனியின் வானியலும் தர்ஸே நிஸாமியில் ஓதப்பட்டவை என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் நலம்.

ஹதீஸ் கலையில் ஸனது அறுபடாதிருத்தல் எத்துணை இன்றியமையாதது என்பதை நாம் நன்கறிவோம். கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல், யாரிடம் கேட்டோம் என்பதையும் சொல்லிச் சேர்ப்பித்தலே அறிவிப்பாளரின் அமானத். பரவளையத்தின் அறிவுக்கும் அத்தகைய ஸனது ஒன்று உண்டு. அதில் கிரேக்கரும் ஸாபிஈயும் முஸ்லிமும் கிறித்தவரும் தத்தம் கண்ணியாய் நின்றனர். இன்றைய அரபுக் கல்லூரி மாணவர் அம்மூல நூல்களை வாசிக்கும் மொழியறிவைப் பெற்றிருக்கிறார். அவற்றை விளங்கிக்கொள்ளும் கணிதத்தையும் அவருக்குச் சேர்த்துக் கற்பித்தால், அந்த ஸனதில் அடுத்த கண்ணி நம்மிடமிருந்தும் எழும், இன்ஷா அல்லாஹ்.