இந்திய உயர்கல்வி நிறுவனங்களில் பாலியல் துன்புறுத்தல் முறையீடு

இந்திய உயர்கல்வி நிறுவனங்களில் பாலியல் துன்புறுத்தல் முறையீடு என்பது, பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளாகும் மாணவர்களும் பணியாளர்களும் நீதியும் உதவியும் பெறுவதற்குச் சட்டம் வகுத்துள்ள வழிமுறைகளைக் குறிக்கும். நிறுவனத்திற்குள் இயங்கும் உள்ளக புகார் குழு, மாவட்ட அளவிலான உள்ளூர் குழு, காவல்துறை ஆகியன இவற்றுள் முதன்மையானவை. இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் மற்றவை அடைபடுவதில்லை. ஒரே நிகழ்வுக்காக உள்ளக புகார் குழுவையும் காவல்துறையையும் ஒருங்கே அணுகலாம். 2013 ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளும் இம்முறைக்கு அடிப்படையாக உள்ளன.

பின்னணி

1992 இல் ராசத்தான் அரசின் பெண்கள் வளர்ச்சித் திட்டத்தில் பணியாற்றிய பன்வாரி தேவி, குழந்தைத் திருமணம் ஒன்றைத் தடுக்க முயன்றதற்காகக் கூட்டு வன்புணர்வுக்கு உள்ளானார். இதனைத் தொடர்ந்து பெண்கள் அமைப்புகள் தொடுத்த விசாகா வழக்கில், 1997 ஆகத்து 13 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணியிடங்களில் பெண் ஒருவரின் தலைமையில் புகார்க் குழு அமைக்கப்பட வேண்டும் என்றும், அதில் வெளி உறுப்பினர் ஒருவர் இடம்பெற வேண்டும் என்றும் அத்தீர்ப்பு நெறிமுறை வகுத்தது.

இத்தீர்ப்பை அடியொற்றி, தில்லி சவகர்லால் நேரு பல்கலைக்கழகம் 1999 இல் மாணவர், ஆசிரியர், ஊழியர் ஆகியோரின் தேர்ந்தெடுக்கப்பட்ட பேராளர்களைக் கொண்ட குழு ஒன்றை அமைத்தது. இது பிற பல்கலைக்கழகங்களுக்கு முன்மாதிரியாகக் கருதப்பட்டது. 2017 இல் இக்குழு கலைக்கப்பட்டு, அதனிடத்தில் உள்ளக புகார் குழு அமைக்கப்பட்டது. தேர்தல் முறை கைவிடப்பட்டதாக மாணவர்களும் ஆசிரியர்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர்.

2012 திசம்பரில் தில்லியில் நிகழ்ந்த கூட்டு வன்புணர்வுக் கொலைக்குப் பின்னர், மானியக் குழு நியமித்த ஆய்வுக் குழு 2013 இல் 'சக்சம்' என்னும் அறிக்கையை அளித்தது. பெண்களின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்துவது பாதுகாப்பு ஆகாது என்பது அவ்வறிக்கையின் முக்கியக் கருத்தாகும். அதே ஆண்டு இயற்றப்பட்ட பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013 திசம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. மானியக் குழுவின் ஒழுங்குவிதிகள் 2016 மே மாதத்தில் அரசிதழில் வெளியாயின. பாதுகாப்பைக் காரணம் காட்டி மகளிர் விடுதிகளுக்கு மட்டும் பாகுபாடான விதிகளை விதிக்கக் கூடாது என இவ்வொழுங்குவிதிகள் கூறுகின்றன.

வரையறை

விருப்பத்திற்கு மாறான உடல் தொடுகை, பாலியல் இணக்கம் கோருதல், பாலியல் தொனியுடைய பேச்சு, ஆபாசப் படங்களைக் காட்டுதல், சொல்லாலோ செய்கையாலோ அமையும் பிற பாலியல் நடத்தைகள் ஆகியன பாலியல் துன்புறுத்தலாகும். அந்நடத்தை எதிர்த்தரப்பினரால் விரும்பப்படாதது என்பதே இங்கு அளவுகோலாகும். செய்தவரின் நோக்கம் அளவுகோல் அன்று. மதிப்பெண்ணோ பதவி உயர்வோ தருவதாக ஆசை காட்டுதலும், தேர்ச்சியைத் தடுப்பதாக மிரட்டுதலும் இவ்வரையறைக்குள் வருகின்றன.

'வளாகம்' என்பது கட்டடங்களை மட்டும் குறிப்பதில்லை. கல்லூரிப் பேருந்து, களப்பயணம், பயிற்சிப் பணியிடம், கல்விச் சுற்றுலா, விளையாட்டுப் போட்டி, கலை விழா ஆகியவை நடைபெறும் இடங்களும் இதில் அடங்கும். பாதிக்கப்படுவோர் பெரும்பாலும் பெண்களே எனினும், ஆண் மாணவர்களும் மூன்றாம் பாலின மாணவர்களும் பாதிப்புக்கு உள்ளாகக் கூடும் என்பதை ஒழுங்குவிதிகள் ஏற்று, அவர்களுக்கு எதிரான வன்முறை மீதும் நடவடிக்கை எடுக்குமாறு நிறுவனங்களைப் பணிக்கின்றன.

உள்ளக புகார் குழு

மாணவர்களிடையே 'ஐ.சி.சி.' என அறியப்படும் இக்குழுவை ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனமும் அமைத்தல் கட்டாயமாகும். இதன் உறுப்பினர்கள் பின்வருமாறு:

* தலைவர்: மூத்த பெண் ஆசிரியர். பல்கலைக்கழகமாயின் பேராசிரியர் நிலைக்கும், கல்லூரியாயின் இணைப் பேராசிரியர் நிலைக்கும் குறையாதவர்.
* ஆசிரியர் இருவர், ஆசிரியரல்லாத பணியாளர் இருவர்.
* மாணவர்கள் தொடர்புடைய முறையீடாயின், இளநிலை, முதுநிலை, ஆய்வு நிலை ஆகியவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் மூவர்.
* பெண்கள் நலனில் ஈடுபாடுடைய அமைப்பைச் சார்ந்த அல்லது இத்துறையை நன்கறிந்த வெளி உறுப்பினர் ஒருவர்.

மொத்த உறுப்பினர்களில் குறைந்தது பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், புல முதன்மையர், துறைத் தலைவர் போன்ற நிருவாகப் பொறுப்பாளர்கள் உறுப்பினராக இருக்கக் கூடாது. நிறுவனத்தின் நற்பெயரைக் காக்கும் பொறுப்பில் இருப்பவர்களே நீதி வழங்கும் இடத்திலும் அமர்வதைத் தவிர்ப்பது இவ்விதியின் நோக்கமாகும்.

முறையீடும் கால வரம்பும்

முறையீட்டை எழுத்து வடிவில், நிகழ்வு நடந்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் அளிக்க வேண்டும். தொடர் நிகழ்வுகளாயின் கடைசி நிகழ்விலிருந்து இக்காலம் கணக்கிடப்படும். உரிய காரணம் இருப்பின், அதனைப் பதிவு செய்து, குழு மேலும் மூன்று மாதங்கள் வரை நீட்டிக்கலாம். எழுத இயலாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமையாகும். பாதிக்கப்பட்டவர் உடல் அல்லது மன நிலை காரணமாக முறையிட இயலாதபோதும், இறந்துவிட்டபோதும் உறவினர், நண்பர், உடன் பயில்பவர், உளவியலாளர் ஆகியோர் அவர் சார்பில் முறையிடலாம்.

இக்கால வரம்பு கடுமையானது என்பதற்கு 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்று எடுத்துக்காட்டாகும். கொல்கத்தாவிலுள்ள சட்டப் பல்கலைக்கழகம் ஒன்றின் துணைவேந்தர் மீது ஆசிரியை ஒருவர் முறையிட்டிருந்தார். கடைசி நிகழ்வு 2023 ஏப்ரலிலும், முறையீடு அதே ஆண்டு திசம்பரிலும் அமைந்ததால், முறையீடு காலங்கடந்தது என நீதிமன்றம் கூறியது. எனவே நிகழ்வின் நாள், இடம், உடனிருந்தோர் ஆகியவற்றை உடனே குறித்து வைத்தலும், குறுஞ்செய்திகளையும் மின்னஞ்சல்களையும் அழிக்காது வைத்திருத்தலும் பின்னர் பெரிதும் பயன்படும்.

விசாரணை

முறையீட்டின் படி ஏழு நாட்களுக்குள் எதிர்மனுதாரருக்கு அனுப்பப்படும். அவர் பத்து நாட்களுக்குள் தமது பதிலையும் ஆவணங்களையும் சாட்சிகளின் பட்டியலையும் அளிக்க வேண்டும். விசாரணை 90 நாட்களுக்குள் முடிக்கப்பட்டு, அடுத்த பத்து நாட்களுக்குள் அறிக்கை நிறுவனத் தலைமைக்கு அளிக்கப்படும். அதன் படி இரு தரப்பினருக்கும் வழங்கப்படும். மேல்முறையீடு இல்லாதபோது, தலைமை 30 நாட்களுக்குள் பரிந்துரையின்படி செயற்பட வேண்டும். பரிந்துரையை ஏற்காவிடின் அதற்கான காரணத்தை எழுத்தில் தெரிவித்தல் வேண்டும். 30 நாட்களுக்குள் இரு தரப்பினரில் எவரும் மேல்முறையீடு செய்யலாம்.

பாதிக்கப்பட்டவர் விரும்பினால் சமரசம் கோரலாம். ஆனால் பணம் சமரசத்திற்கு அடிப்படையாக இருக்கக் கூடாது. முறையிட்டவர், சாட்சி, குற்றஞ்சாட்டப்பட்டவர் ஆகியோரின் அடையாளம் வெளியிடப்படக் கூடாது. முறையீட்டை மெய்ப்பிக்க இயலாமை மட்டும் அதனைப் பொய் முறையீடு ஆக்கிவிடாது. தீய நோக்கம் தனியே விசாரித்து நிறுவப்பட வேண்டும்.

இடைக்காலப் பாதுகாப்பு

கல்வி நிறுவனங்களில் குற்றஞ்சாட்டப்பட்டவரே முறையிட்டவரின் விடைத்தாளைத் திருத்துபவராகவோ முனைவர் பட்ட நெறியாளராகவோ இருக்கக் கூடும். பட்டம் கைநழுவிவிடும் என்ற அச்சம் முறையீட்டைத் தடுக்கும் காரணங்களுள் ஒன்றாகும். இதன் பொருட்டு, விசாரணை முடியும் முன்னரே பின்வரும் பாதுகாப்புகளை வழங்க விதிகள் இடமளிக்கின்றன:

* முறையிட்டவரின் தேர்வுகளையும் ஆய்வுப் பணியையும் மதிப்பிடுவதிலிருந்து எதிர்மனுதாரரை விலக்குதல்.
* நெறியாளரை மாற்றுதல். இருவரில் ஒருவரை வேறு துறைக்கு மாற்றுதல்.
* வருகைப் பதிவில் தளர்வு. உரிமைகள் குறையாமல் மூன்று மாதங்கள் வரை விடுப்பு.
* எதிர்மனுதாரர் விலகியிருக்குமாறு எச்சரித்தல். அச்சுறுத்தல் இருப்பின் வளாகத்தில் நுழையத் தடை.
* பழிவாங்கலிலிருந்து முறையிட்டவருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பு.

தண்டனையும் இழப்பீடும்

குற்றம் நிறுவப்பட்டால் பணியாளர் மீது பணி விதிகளின்படி நடவடிக்கை எடுக்கப்படும். மாணவராயின் நூலகம், விடுதி, உதவித்தொகை போன்ற சலுகைகளை நிறுத்தி வைத்தல், குறிப்பிட்ட காலத்திற்கு இடைநீக்கம், நிறுவனத்திலிருந்து நீக்கம், கட்டாய உளவள ஆலோசனை ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ விதிக்கப்படலாம். மன உளைச்சல், வாய்ப்பு இழப்பு, மருத்துவச் செலவு ஆகியவற்றைக் கணக்கிட்டு இழப்பீடும் பரிந்துரைக்கப்படலாம்.

நிறுவனத்திற்கு வெளியிலான வழிகள்

உள்ளூர் குழு: நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பிலுள்ளவர் மீதே முறையீடு எழும்போது, ஒவ்வொரு மாவட்டத்திலும் அமைக்கப்பட வேண்டிய உள்ளூர் குழுவை அணுகலாம்.

காவல்துறை: 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்கிதாவின் 75 ஆம் பிரிவு பாலியல் துன்புறுத்தலையும், 77 மறைந்திருந்து பார்த்தல் அல்லது படமெடுத்தலையும், 78 பின்தொடர்தலையும் குற்றங்களாக்குகின்றன. நிகழ்விடம் எதுவாயினும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் அளிக்கலாம். பாதிக்கப்பட்ட பெண்ணின் வாக்குமூலத்தைப் பெண் காவல் அலுவலர் பதிவு செய்ய வேண்டும். உள்ளக புகார் குழுவுக்குரிய மூன்று மாத வரம்பு இங்குப் பொருந்தாது. காவல்துறையை அணுக விரும்புவோருக்குத் துணைபுரிவது உள்ளக புகார் குழுவின் கடமையாகும். பாதிக்கப்பட்டவர் 18 வயது நிரம்பாதவராயின் 2012 ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பொருந்தும். முதலாமாண்டு மாணவர்கள் சிலருக்கு 17 வயதே ஆகியிருக்கும் என்பதால் இது கவனத்திற்குரியது. இச்சட்டத்தின்படி குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தல் கட்டாயமாகும்.

தமிழ்நாட்டில், 1998 இல் சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர் ஆண்கள் சிலரின் சீண்டலால் உயிரிழந்ததை அடுத்து, பெண்களைத் துன்புறுத்துதலைத் தடை செய்யும் மாநிலச் சட்டம் இயற்றப்பட்டது.

உதவி அமைப்புகள்

முறையீடு செய்ய முடிவெடுக்காதவர்களும் கீழ்க்காணும் உதவிகளைப் பெறலாம்.

* 112: அவசர உதவி.
* 181: பெண்கள் உதவி எண்.
* 14416: மனநல ஆலோசனைக்கான டெலி-மானசு சேவை.
* 15100: சட்டப்பணிகள் ஆணைக்குழு. 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்கள் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறலாம்.
* ஒருங்கிணைந்த சேவை மையம்: மருத்துவம், ஆலோசனை, சட்ட உதவி, தற்காலிகத் தங்குமிடம் ஆகியவற்றை ஒரே இடத்தில் வழங்கும் நடுவண் அரசுத் திட்டம். 2015 இல் தொடங்கப்பட்டது.

வன்புணர்வுக்கு உள்ளானவருக்கு அரசு, தனியார் மருத்துவமனைகள் அனைத்தும் உடனடியாக இலவச சிகிச்சை அளிக்க வேண்டும், மறுத்தல் குற்றமாகும்.

நடைமுறைச் சிக்கல்கள்

கோவா பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவரின் பணிநீக்கம் குறித்த வழக்கில், 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்நடவடிக்கையை நீக்கி, விசாரணையை மீண்டும் குழுவுக்கே அனுப்பியது. குழு மிகை அவசரம் காட்டியதால் இயற்கை நீதி மீறப்பட்டது என்பது அதற்கான காரணமாகும். 2009 இல் தொடங்கிய நடவடிக்கை 14 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் தொடக்க நிலைக்குத் திரும்பியது. முறையான விசாரணை இரு தரப்பினருக்கும் தேவை என்பதை இவ்வழக்கு காட்டுகின்றது. சட்டம் சரிவர நடைமுறைப்படுத்தப்படவில்லை எனவும் நீதிமன்றம் அதே தீர்ப்பில் வருத்தம் தெரிவித்தது.

2024 திசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் வெளியாள் ஒருவரால் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானார். முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்ததில் மாணவியின் விவரங்கள் பொதுவெளிக்கு வந்தன. சென்னை உயர் நீதிமன்றம் பெண் அலுவலர்களைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்ததோடு, மாணவிக்கு 25 இலட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்குமாறு மாநில அரசுக்கு உத்தரவிட்டது. 2025 சூன் 2 அன்று குற்றவாளிக்கு, குறைந்தது 30 ஆண்டுகள் சிறையில் கழிக்க வேண்டிய ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

2025 சூலையில் ஒடிசா மாநிலம் பாலேசுவரத்தில், தம் துறைத் தலைவர் மீது முறையிட்டிருந்த கல்லூரி மாணவி ஒருவர், நடவடிக்கை இல்லை என்ற நிலையில் உயிரை மாய்த்துக் கொண்டார். அவரது கல்லூரியில் உள்ளக புகார் குழு இருந்தது. அவரது முறையீட்டை அது விசாரித்தும் இருந்தது. குழு அமைக்கப்பட்டிருப்பது மட்டும் போதாது என்பதும், விசாரணைக் காலத்தில் முறையிட்டவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பும் ஆதரவும் இன்றியமையாதவை என்பதும் இந்நிகழ்வுக்குப் பின் பரவலாக வலியுறுத்தப்பட்டன.