புராஸ்டேட் வீக்கச் சிகிச்சையின் வரலாறு

புராஸ்டேட் வீக்கம் என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழேயுள்ள புராஸ்டேட் சுரப்பி வயது ஏற ஏறப் பருத்து, தன் நடுவே செல்லும் சிறுநீர்க் குழாயை நெருக்கும் நிலையாகும். இது புற்றுநோய் அன்று. எனினும் சிறுநீர் முற்றிலும் அடைபட்டுக் கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் பழுதடையும்.

திறந்த அறுவை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதியவர்கள் பலர் நாள்தோறும் தாமே குழாய் செருகிச் சிறுநீரை வெளியேற்றினர். அதனால் கிருமித்தொற்று ஏற்பட்டுப் பலர் இறந்தனர். இந்தியாவில் மருத்துவப் பணியாற்றித் திரும்பிய அயர்லாந்துக்காரர் பீட்டர் ஃப்ரேயர், 1900-இல் லண்டனில் சிறுநீர்ப்பையைத் திறந்து, பருத்த பகுதியை விரலால் தோண்டியெடுக்கும் முறையைக் கையாண்டு பரப்பினார். பயன் பெரிது, ஆனால் இரத்தப்போக்கும் மிகுதி.

குழாய் வழி அறுவை

மாக்சிமிலியன் நிட்சே 1879-இல் வியன்னாவில் செய்துகாட்டிய சிறுநீர்ப்பை உள்நோக்கி, வயிற்றைக் கீறாமல் உள்ளே பார்க்க வழிவகுத்தது. 1926-இல் நியூயார்க்கில் மாக்சிமிலியன் ஸ்டெர்ன், மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் திசுவைச் சீவும் கருவியை அறிமுகம் செய்தார். ஜோசப் மெக்கார்த்தி 1931-இல் அதை மேம்படுத்தினார். இதுவே ‘டி.யூ.ஆர்.பி.’ எனப்படும் அறுவை. இதிலும் குறைகள் இருந்தன. தொடக்கத்தில் உள்ளே பாய்ச்சிய தூய நீர் இரத்தத்தில் கலந்து சிவப்பணுக்களைச் சிதைத்தது. பின்னர் வந்த கிளைசின் கரைசல் அளவுக்கு மீறிக் கலந்தபோது இரத்தத்தில் சோடியம் குறைந்து நோயாளிக்கு மனக்குழப்பம் உண்டானது. உப்புக்கரைசலில் இயங்கும் இருமுனைக் கருவிகள் வந்தபின் இந்த ஆபத்து குறைந்தது.

குறைந்த ஊடுருவல் முறைகள்

1990-களில் நியூசிலாந்தின் பீட்டர் கில்லிங் குழுவினர் ஹோல்மியம் லேசரால் சுரப்பியின் உட்பகுதியைத் தோண்டியெடுக்கும் முறையை உருவாக்கினர். ஃப்ரேயரின் விரல் செய்த வேலையை வெட்டுக்காயமின்றி லேசர் செய்தது எனலாம். 2013-இல், சுரப்பியைச் சிறு கவ்விகளால் ஒதுக்கிக் கட்டும் ‘யூரோலிஃப்ட்’ முறைக்கும், 2015-இல், நீராவியால் திசுவைச் சுருக்கும் ‘ரெசூம்’ முறைக்கும் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியே சென்று சுரப்பியின் இரத்த ஓட்டத்தை அடைக்கும் முறையும் உண்டு.

தெரிவு

டி.யூ.ஆர்.பி.க்குப் பின் பலருக்கு விந்து வெளிவராமல் சிறுநீர்ப்பைக்குள் சென்றுவிடும். கவ்வி, நீராவி முறைகளில் இக்குறை மிகக் குறைவு. வீடு திரும்புவதும் விரைவு. ஆனால் திசு குறைவாக நீங்குவதால் சிறுநீர் ஓட்டமும் அந்த அளவுக்குச் சீராவதில்லை. சில ஆண்டுகளில் மறுசிகிச்சை தேவைப்படும் வாய்ப்பும் கூடுதல். ஆகவே புதிய முறைகள் பழையனவற்றை முற்றிலும் நீக்கிவிடவில்லை. சுரப்பியின் அளவு, உடல்நிலை, நோயாளியின் விருப்பம் ஆகியவற்றைப் பார்த்தே மருத்துவர்கள் முடிவு செய்கின்றனர்.