பெட்ரி வலை

ஒரே நேரத்தில் பல வேலைகள் நடக்கும் அமைப்புகளை வரைந்து ஆராயும் கணித முறை பெட்ரி வலை. வட்டம் ஒரு நிலை. கட்டம் ஒரு நிகழ்வு. வட்டத்துக்குள் வைக்கும் புள்ளி டோக்கன். கட்டத்துக்கு அம்பு விடும் எல்லா வட்டங்களிலும் டோக்கன் இருந்தால்தான் நிகழ்வு நடக்கும். நடந்ததும் அந்த டோக்கன்கள் நீங்கி, அடுத்த வட்டங்களில் டோக்கன் விழும்.

ரயில்காரர்களுக்கு இது புதிதல்ல. கேரள ஸ்டேஷன்களான கழக்கூட்டத்துக்கும் கணியாபுரத்துக்கும் இடையே ஒரே தண்டவாளம் என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைப் பாதைகளில் இந்திய ரயில்வே நெடுங்காலம் பயன்படுத்திய நீல் கருவி, எதிர் ஸ்டேஷன் சம்மதித்தால்தான் ஓர் எஃகுப் பந்தை வெளியே விடும். தோல் பையில் போட்டு வளையத்தில் மாட்டிய அந்தப் பந்து கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். அந்தப் பந்துக்கும் டோக்கன் என்றே பெயர். வரைபடத்தில் அது இருபக்க நிகழ்வுகளுக்கும் பொதுவான ஒரு வட்டத்துப் புள்ளி. ஒரு பக்கம் எடுத்துவிட்டால் மறுபக்கம் காத்திருக்க வேண்டியதுதான்.

முறையை வகுத்தவர் லைப்சிக்கில் 1926இல் பிறந்த கார்ல் ஆடம் பெட்ரி. வேதியியல் வினைகளைக் குறிக்க 13 வயதிலேயே இந்த வரைபடத்தைக் கண்டதாகப் பின்னாளில் சொன்னார். 1962இல் வெளிவந்த அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு, எல்லா உறுப்புகளுக்கும் பொதுவான ஒரு கடிகாரம் உண்டு என்ற அனுமானத்தையே கைவிட்டது. அதன் உண்மையான துணிச்சல் படத்தில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் அனடோல் ஹோல்ட் குழுவும் எம்.ஐ.டி.யும் அதைப் பரப்பின.

டோக்கன்களின் ஒரு குறிப்பிட்ட அமைவை வலை என்றாவது எட்டுமா என்ற கேள்வி கோட்பாட்டாளர்களைப் படாதபாடு படுத்தியது. விடை காண வழி உண்டென்று 1981இல் எர்ன்ஸ்ட் மேயர் காட்டினார். மறு ஆண்டே எஸ். ராவ் கொசராஜு நிரூபணத்தை எளிதாக்கினார். அந்த வழி எவ்வளவு கடினமானது என்பது 2021இல்தான் முழுமையாகத் தெளிந்தது: பொதுவான வலைக்கு எந்தக் கணினியாலும் கட்டுப்படியாகாத அளவு.

எஃகுப் பந்து யார் போகலாம் என்று சொல்லும். வண்டியில் என்ன சரக்கு என்று சொல்லாது. பெட்ரி வலையின் வெறும் டோக்கனும் அப்படித்தான்: கட்டுப்பாடு உண்டு, தரவு இல்லை. ஹார்ட்மன் கென்ரிச்சும் குர்ட் லாட்டன்பாக்கும், 1981இல் வண்ண வலைகளை முன்வைத்த குர்ட் ஜென்சனும் டோக்கனுக்குள் மதிப்புகளை வைத்து அந்தக் குறையைத் தீர்த்தார்கள். தரவோடு செல்லும் இத்தகைய வலைகளைக் கொண்டு, கம்பைலர் மாற்றி எழுதிய நிரலும் மூல நிரலும் ஒன்றுதானா என்று சரிபார்க்கும் ஆய்வு கரக்பூர் ஐ.ஐ.டி.யில் நடந்தது.

இந்தியாவில் இத்துறைக்குச் சென்னை ஒரு முக்கிய மையம். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த பி.எஸ். தியாகராஜன், பெட்ரி பணியாற்றிய ஜெர்மானிய ஆய்வு நிறுவனத்தில் இருந்துவிட்டு, தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்துக்கு வந்தார். வட்டத்துக்கு ஒரு டோக்கனுக்கு மேல் கூடாது என்ற அடிப்படை வலைகளின் கோட்பாட்டில் அவர் பங்கு பெரிது.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் என். விஸ்வநாதமும் ஒய். நரஹரியும் தொழிற்சாலைப் பக்கம் திரும்பினார்கள். இயந்திரம் வண்டிக்கும் வண்டி இயந்திரத்துக்கும் காத்து நின்றுவிடும் முட்டுக்கட்டையை எப்படித் தவிர்ப்பது? டி.எல். ஜான்சனுடன் 1990இல் எழுதிய கட்டுரையில், அமெரிக்காவின் ஈரி நகரிலிருந்த ஜெனரல் எலெக்ட்ரிக் உற்பத்தி அமைப்பை வலையாக வரைந்தார்கள். டோக்கன்களின் எல்லா அமைவுகளையும் முன்கூட்டியே பட்டியலிடுவது அவ்வளவு பெரிய அமைப்புக்கு நடவாது என்று கண்டு, ஓடும்போதே சில படிகள் முன்னால் பார்க்கும் கட்டுப்படுத்தியை அமைத்தார்கள்.

கழக்கூட்டத்தில் 1990இல் தொடங்கிய டெக்னோபார்க் போன்ற இடங்களில் மென்பொருள் எழுதுவோருக்கு இவ்வலை வேறு பெயரில்தான் பழக்கம். யு.எம்.எல். 2 செயல் வரைபடத்தில் கட்டுப்பாட்டு அம்பும் தரவு அம்பும் டோக்கனைத்தான் கடத்துகின்றன. அலுவலகப் பணிப்பாய்வுகளுக்கு வில் வான் டெர் ஆல்ஸ்ட் 1990களில் வகுத்த சோதனையும் இதே வலையில் நடப்பது: தொடக்கத்தில் ஒரு டோக்கன் வைத்தால், எந்த வழியில் போனாலும் முடிவுக்கு வர முடிய வேண்டும், முடியும்போது வேறெங்கும் டோக்கன் தங்கக் கூடாது, ஒருபோதும் நடக்காத நிகழ்வு என்று ஒன்றும் இருக்கக் கூடாது.