மேடிசன் ஸ்கொயர் கார்டன்

மேடிசன் ஸ்கொயர் கார்டன் என்பது ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் நகரில், மன்ஹாட்டன் பகுதியில் உள்ள உள்ளரங்கு ஆகும். நிக்ஸ் கூடைப்பந்தாட்ட அணிக்கும் ரேஞ்சர்ஸ் பனி ஹாக்கி அணிக்கும் இதுவே தாயக அரங்கம். குத்துச்சண்டைப் போட்டிகளும் இசை நிகழ்ச்சிகளும் இங்கு நடைபெறுகின்றன. கூடைப்பந்தாட்டத்தின்போது ஏறத்தாழ 19,800 பேரும், பனி ஹாக்கியின்போது ஏறத்தாழ 18,000 பேரும் அமரலாம். இவ்வரங்கம் பென்சில்வேனியா தொடர்வண்டி நிலையத்தின் மேல் கட்டப்பட்டுள்ளது.

பெயர்

பெயரில் சதுக்கமும் தோட்டமும் இருப்பினும், இது வட்ட வடிவக் கட்டிடம். தோட்டம் ஏதும் இங்கில்லை. இப்பெயரைத் தாங்கிய முதல் அரங்கம் 1879 இல் மேடிசன் சதுக்கத்தின் அருகே, கூரையின்றி இயங்கியது. அதே இடத்தில் கட்டிடக் கலைஞர் ஸ்டான்போர்டு வைட் வடிவமைத்த இரண்டாம் அரங்கம் 1890 இல் திறக்கப்பட்டது. 1906 இல் அதன் மேல்மாடி நாடக அரங்கிலேயே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மூன்றாம் அரங்கம் 1925 இல் எட்டாவது நிழற்சாலைக்கு இடம் மாறியது. பெயர் மட்டும் மாறவில்லை. இன்றுள்ள நான்காம் அரங்கம் 1968 பெப்ரவரி 11 அன்று திறக்கப்பட்டது.

பழைய நிலையத்தின் இடிப்பு

1910 இல் திறக்கப்பட்ட பென்சில்வேனியா நிலையம், உரோமானியப் பாணியிலான தூண்களும் உயர்ந்த கூடங்களும் கொண்டது. அதை வடிவமைத்தது, வைட் பங்குதாரராக இருந்த அதே நிறுவனம் என்பது குறிப்பிடத்தக்கது. பயணிகள் குறைந்து வருவாய் சரிந்தபோது, தொடர்வண்டி நிறுவனம் நிலத்தின் மேலுள்ள வெளியைக் கட்டுமானத்திற்குத் தர முன்வந்தது. எதிர்ப்புகளை மீறி 1963 அக்டோபரில் இடிப்பு தொடங்கியது. நடைமேடைகளும் தண்டவாளங்களும் நிலத்தடியில் அப்படியே இயங்க, மேற்கட்டிடம் மட்டும் அகற்றப்பட்டது. இவ்விழப்பு ஏற்படுத்திய மனவருத்தமே 1965 இல் நகரின் மரபுச்சின்னப் பாதுகாப்புச் சட்டம் உருவாக முக்கியக் காரணங்களுள் ஒன்றாயிற்று. கிராண்ட் சென்ட்ரல் நிலையம் பிற்காலத்தில் இச்சட்டத்தாலேயே காப்பாற்றப்பட்டது. 1978 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது.

கட்டமைப்பு

ஏறத்தாழ 400 அடி (120 மீட்டர்) விட்டமுள்ள கூரை எஃகு வடங்களால் தாங்கப்படுகிறது. வெளிப்புற வளையத்திலிருந்து நடுவளையம் நோக்கி, மிதிவண்டிச் சக்கரத்தின் கம்பிகளைப் போல வடங்கள் இழுத்துக் கட்டப்பட்டுள்ளன. எனவே பார்வையை மறைக்கும் தூண்கள் உள்ளே இல்லை.

ஆடுகளம் தரைமட்டத்தில் அன்றிப் பல மாடிகள் உயரத்தில் அமைந்துள்ளது. சர்க்கஸ் யானைகள்கூடச் சாய்தளப் பாதை வழியே ஏறியே வரவேண்டியிருந்தது. பனி ஹாக்கிப் பருவத்தில் பனித்தளம் உருக்கப்படுவதில்லை. அதன்மீது வெப்பங்கடத்தாப் பலகைகளைப் பரப்பி, மேலே மரத்தளத்தைப் பொருத்திக் கூடைப்பந்தாட்டம் நடத்துகின்றனர்.

நிகழ்வுகள்

1971 மார்ச் 8 அன்று, அதுவரை தோல்வியே காணாத முகம்மது அலியும் ஜோ பிரேசியரும் இங்கு மோதினர். 15 சுற்றுகளின் முடிவில் பிரேசியர் வென்றார். அதே ஆண்டு ஆகத்து 1 அன்று, வங்காளதேச ஏதிலிகளுக்காகப் பண்டிட் ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் இரு இசை நிகழ்ச்சிகளை நடத்தினர். அலி அக்பர் கானும் அல்லா ரக்காவும் உடன் வாசித்தனர். கலைஞர்கள் சுருதி சேர்த்து முடித்ததுமே அவையோர் கைதட்டியது இன்றும் நினைவுகூரப்படுகிறது. பாடகர் பில்லி ஜோயல் 2014 முதல் 2024 வரை, பெருந்தொற்றுக் கால இடைவெளி நீங்கலாக, மாதந்தோறும் இங்கு பாடினார்.

உரிமச் சிக்கல்

அரங்கிற்கு 1963 இல் வழங்கப்பட்ட 50 ஆண்டுச் சிறப்பு உரிமம் 2013 இல் முடிவுற்றது. தாழ்ந்த கூரையும் நெரிசலும் கொண்ட நிலையத்தை விரிவாக்க அரங்கமே தடையாக உள்ளது என்பது திட்டமிடல் வல்லுநர் பலரின் கருத்து. அரங்கின் எடையைத் தாங்கும் தூண்கள் நடைமேடைகளின் ஊடே இறங்குவதால், அரங்கத்தை அகற்றாமல் கீழே பெரிய மாற்றங்களைச் செய்வது எளிதன்று. உரிமையாளர்களோ 2011 முதல் 2013 வரை பெருஞ்செலவில் அரங்கைப் புதுப்பித்திருந்தனர். நகரவை 2013 இல் 10 ஆண்டுகளுக்கு மட்டுமே உரிமம் வழங்கியது. 2021 இல் அருகிலுள்ள பழைய அஞ்சல் அலுவலகக் கட்டிடத்தில் மொய்னிகன் தொடர்வண்டிக் கூடம் திறக்கப்பட்டமை நெரிசலை ஓரளவே குறைத்தது. 2023 இல் நகரவை வழங்கிய புதிய உரிமத்தின் காலம் 5 ஆண்டுகள்.